அலமேலுவுக்கு ஏன் அந்தப் படம் பிடித்தது?

1

என் மனைவி இந்த நாட்டுப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்ற செய்தி எனக்கு வாழைப்பழத் தட்டின் அடியில் கிடைத்தது.

டெல்ஃப்ட் நகராட்சியின் படிவம் அது. நெதர்லாந்தில் ஒரு விதி உண்டு. ஓராண்டில் எட்டு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கப் போகிறவர் முதலில் நகராட்சிக்குச் சொல்லிப் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும். ஏழரை மாதம் என்றால் நீங்கள் ஊர் சுற்றப் போனவர். எட்டு மாதமும் ஒரு நாளும் என்றால் நீங்கள் இங்கே இல்லாதவர். அலமேலு பெயர், பிறந்த ஊர் எல்லாம் நிரப்பியிருந்தாள். போகுமிடம் என்ற கட்டத்தில் வடமாலபேட்டை என்று அழகாக எழுதியிருந்தது. எவ்வளவு காலத்துக்கு என்ற கட்டம் காலி.

அவள் வடமாலபேட்டைக்குப் போவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. திருப்பதி–சென்னை சாலையை ஒட்டி அவள் தம்பிக்கு அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, போர்க்கிணறு இருக்கிறது. அதில் மாங்கன்றுப் பண்ணை வைக்கப் போகிறேன் என்று பொங்கல் சமயத்தில் சொன்னாள். 'பேஷ்' என்றேன். அலமேலு திருப்பதியில் தாவரவியல் எம்.எஸ்சி. படித்தவள். இங்கே இருபது வருடமாகக் கண்ணாடிக் குடில்களில் தக்காளி நாற்றுக்கு ஒட்டுக் கட்டுகிறாள். இந்த நாட்டில் தக்காளிக்குக்கூட ஒட்டுதான். தானாக முளைத்ததை யாரும் நம்புவதில்லை. ஆகவே மாங்கன்று ஆசை நியாயம்தான். இரண்டு மாதம் போய் ஆசை தீர நான்கு கன்று நட்டுவிட்டு வருவாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எட்டு மாதம் என்பது அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஒரு சாதாரண மனிதன் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் 'இது என்ன?' என்று கேட்டிருப்பான். நான் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன். படிவத்தை அது இருந்த கோணத்திலேயே திரும்ப வைத்தேன். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு நாலு பேர் முன்னால் வாய் நீளும், சமையலறையில் நீளாது.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தது. அது முடிந்து நான்காம் நாள் அவளுக்கு விமானம்.

2

பக்கத்து வீட்டு வில்லெம், ஓய்வு பெற்ற தபால்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வாசலில் பெரிய பெட்டி வந்து இறங்கியதைப் பார்த்தேனே, பயணமா என்று விசாரித்தார். என் டச்சு இருபத்து மூன்று வயது ஆனது. ஆனாலும் பால்பல் விழாதது. புறப்படுவதற்கு ஒரு சொல், ஒருவரைக் கைவிட்டுப் பிரிவதற்கு இன்னொரு சொல். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாய்க்குள் உருளும். நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன்.

வில்லெம் தொப்பியைக் கழற்றினார். அரை மணி நேரத்தில் அவர் மனைவி ஒரு பானை பட்டாணி சூப்போடு வந்து, பானையை என் கையில் கொடுத்து, தோளை இரண்டு முறை தட்டிவிட்டுப் போனாள்.

"இன்னாத்துக்கு மாமா சூப்பு?" என்றாள் அலமேலு. அவள் என் தாய்மாமன் மகள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"குளிருதில்ல, அதான்."

ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "உப்பே இல்ல. பாவம், நல்லவங்க."

நான் சொன்னது தவறான சொல்தானா என்று எனக்கே அன்று மாலை வரை குழப்பமாக இருந்தது.

3

திருமண நாளுக்கு யாமினி சினிமா டிக்கெட் கொடுத்தாள். யாமினி எங்கள் மகள், இருபத்திரண்டு வயது, உட்ரெக்ட்டில் தனியாக இருக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு டச்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம். ஆனால் 'நைனா' என்பதை மட்டும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் வாசலில் நின்று "நைனா!" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு, வில்லெம் என்னை மிஸ்டர் நைனா என்கிறார். நானும் திருத்தவில்லை. தெருவில் ஒரு பெரியவர் நம்மை அப்பா என்று கூப்பிடும் மரியாதை எல்லோருக்கும் கிடைக்காது.

"உங்க ஊர்ப் படம்" என்றாள். "பார்டர் கதை. லவ் காமெடி. பைசா இல்லாமல் எடுத்தது. இங்கே ஒரே ஒரு ஞாயிறு மதியம், திங்கள் மதியம், அவ்வளவுதான்."

அது பழைய தேவாலயத்தை ஒட்டிய நாற்பது நாற்காலி அரங்கம். படத்தின் பெயரை மூன்று மொழிகளில் மூன்று விதமாகப் போட்டிருந்தார்கள், மூன்றும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. கதை மட்டும் நிற்கிறது.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம். சித்தூரிலிருந்து பலராமன் என்ற இளம் குமாஸ்தாவை ஒரு குடை, ஒரு சைக்கிள், ஒரு பெரிய பதிவேட்டோடு நகரிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். வீடு வீடாகப் போய் 'வீட்டில் பேசும் மொழி எது?' என்று கேட்டு எழுதி வர வேண்டும். தனக்கோட்டி என்ற பெண்ணின் வீட்டில் முதல் நாள் 'தமிழ்' என்கிறார்கள். எழுதிக்கொள்கிறான். மறுநாள் சைக்கிளை மறித்து அவள் சொல்கிறாள்: "நேத்து சொன்னது செரியில்ல. அடுப்பாண்ட தெலுங்குதான்." அடித்துவிட்டு மாற்றி எழுதுகிறான். மூன்றாம் நாள், மாடுகளிடம் தெலுங்கு, ஆடுகளிடம் தமிழ். நான்காம் நாள், சண்டை தெலுங்கில், சமாதானம் தமிழில். ஒவ்வொரு முறையும் அவன் வந்து, வாசலில் உட்கார்ந்து, மைக்கூட்டைத் திறந்து, பழையதை நேராக ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதியதை எழுதுகிறான். பதினோரு திருத்தம். சித்தூர் ஆபீசில் மேலதிகாரி பதிவேட்டைப் பிரித்து, "இது வீடா, கோர்ட்டா?" என்று கேட்கிறார்.

கடைசியில் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. பதிவேட்டை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஊழியர்கள் எந்த மாநிலத்தில் இருக்க விருப்பம் என்று எழுதித் தரவேண்டும். பலராமன் தன் தாளை வெறுமையாக எடுத்துக்கொண்டு தனக்கோட்டி வீட்டுக்கு வந்து, "நான் எதை எழுதட்டும்?" என்கிறான். "மொதல்ல ஒக்காரு, மோர் குடி" என்கிறாள். படம் முடிந்தது.

பைசா இல்லாமல் எடுத்தது என்பது பொய்யில்லை. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே ஆடு நின்றது. இடைவேளைக்குள் அந்த ஆடு எனக்கு நன்றாகவே பழக்கமாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஆட்டைப் பற்றி அல்ல. அலமேலு சிரித்தாள். நான் இருபத்தைந்து வருடமாகத் தொழில் மாதிரி நகைச்சுவை செய்து ஒரு புன்னகைக்கு மேல் வாங்கியதில்லை. இங்கே அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அதுவும் மற்றவர்கள் சிரிக்காத இடத்தில். ஆட்டுக்கு அரங்கமே சிரித்தது. அவள் சும்மா இருந்தாள். அவன் மைக்கூட்டைத் திறக்கும்போதெல்லாம் சிரித்தாள். எட்டாவது திருத்தத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த கண்ணீரா, மற்றதா என்று இருட்டில் தெரியவில்லை.

4

வீடு திரும்பும் வழியில், கால்வாய் ஓரம் மூவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"இது அடையாளம் பத்தின படம், நைனா" என்றாள் யாமினி டச்சில். "ஒருத்தருக்கு ஒரே மொழிதான் இருக்கணும்னு கேக்கறதே வன்முறை."

"அரசாங்கத்தைக் கிண்டல் செய்யும் படம்" என்றேன் நான். "காதல் சும்மா ஊறுகாய்."

இரண்டு பேரும் அலமேலுவைப் பார்த்தோம்.

"அந்தப் பையன் எழுத்து நல்லாருந்திச்சு" என்றாள். "குண்டு குண்டா."

அவள் விமர்சனம் அவ்வளவுதான். எனக்கு இது பெரிய தொந்தரவாகிவிட்டது. மனைவி எட்டு மாதமோ எண்பது மாதமோ போகப் போகிறாள். அதைக் கேட்கத் தைரியமில்லாதவன், அவளுக்கு ஒரு படம் ஏன் பிடித்தது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். அது தெரிந்தால் இது தெரிந்துவிடும் என்று ஏனோ தோன்றியது. திங்கட்கிழமை பல்வலி என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு அதே படத்துக்குத் தனியாகப் போனேன். கையில் சின்ன நோட்டு. அவள் சிரித்த இடங்களைக் குறித்துக்கொண்டே பார்த்தேன். பக்கத்து இருக்கைக் கிழவி என்னைப் பத்திரிகைக்காரன் என்று நினைத்து, தனக்கு ஆடு மிகவும் பிடித்திருந்தது என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

நோட்டில் பதினோரு இடங்கள் சேர்ந்தன. பதினொன்றிலும் நகைச்சுவை இல்லை. ஒருவன் கேட்கிறான், ஒருத்தி சொல்கிறாள், அவன் எழுதுகிறான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

5

விஜயபுரத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டுக் கதையைச் சொன்னேன். எங்கள் வீடு எல்லைக்கு ஆந்திரப் பக்கம்; திருத்தணி சென்னை ராஜ்ஜியத்தோடு போனபோது பெரியப்பா வீடு அந்தப் பக்கம் போயிற்று. நடுவில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. பெரியப்பா பிள்ளைகள் தமிழில் படித்தார்கள், நாங்கள் தெலுங்கில் படித்தோம். இரண்டு பக்கமும் திருடித் தின்றது ஒரே வேர்க்கடலை.

"அப்பிடி யாராவது வூடு வூடா வந்து கேட்டாங்களாக்கா?"

"எவன் வந்தான்? நைனா சொல்லுமே, காலைல எழுந்துகினா அண்ணன் வூடு மெட்ராசு, நம்ப வூடு ஆந்திரான்னு. கோடு போட்டவன் நம்ப மூஞ்சிய பாத்தானா? பேப்பர்ல போட்டுக்கினு போய்க்கினே இருந்தான்."

"அப்போ படத்துல காட்டறது பொய்."

"பொய்யா இருந்தா இன்னாடா? கேக்கற மாதிரி எடுத்துக்கீறான். பாக்கறதுக்கு நல்லாத்தானே கீது." எதையோ முறத்தில் தட்டும் சத்தம். "அலமேலு எத்தினி மாசம் இருப்பா? அவ தம்பி எங்களாண்ட கேட்டுக்கினு கீறான், ரூம்பு கட்டலாமா, ஷீட்டு போட்டா போதுமான்னு."

"தெரியல."

"கேக்கலியா?"

நான் லைன் சரியில்லை என்பதுபோல் இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"ஹலோவாம் ஹலோ" என்றாள் அக்கா. "நல்லாவே கேக்குது. படிச்சவன் நீ, போ."

6

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அலமேலு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புடவைகள் நான்கு. மீதி எல்லாம் ஒட்டுக் கத்திகள், சாணைக்கல், சுற்றும் நாடா, டப்பா டப்பாவாகச் சின்னக் கிளிப்புகள். நான் பெட்டியைக் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்க்கும் பணியில் இருந்தேன்.

"அந்தப் படம் உனக்கு ஏன் பிடிச்சிது?"

"ரெண்டாவது வாட்டியும் போய்ப் பாத்தியே மாமா, தெரியலியா?"

துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் திங்கட்கிழமை டிக்கெட் இருந்திருக்கிறது. பல்வலிக்காரன் மாட்டிக்கொண்டான்.

"தெரியல" என்றேன்.

"அவன் கேக்கறான்."

"ஊர்ல எல்லாரையும்தான் கேக்கறான். அது அவன் உத்தியோகம்."

"கேட்டுட்டு நிக்கறான் பாரு. அந்தப் பொண்ணு யோசிச்சுச் சொல்ற வரைக்கும் நிக்கறான். மாத்திச் சொன்னா அடிச்சுட்டு மறுக்கா எழுதறான். நேத்து அப்பிடி சொன்னியேன்னு ஒரு வார்த்த கேட்டானா?" கிளிப்பு டப்பாவை மூடினாள். "என்ன யாரு மாமா கேட்டாங்க? நான் பொறந்த அன்னிக்கு அத்த வந்து பாத்துச்சாம். இது என் வூட்டுக்குன்னுச்சாம். முடிஞ்சிது."

அந்த அத்தை என் அம்மா. எனக்கு அப்போது ஐந்து வயது. எங்களில் அதுதான் வழக்கம். முறைப்பெண், முறைமாமன் என்றால் கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சொந்தக் கொல்லைக்குள் போக யாரும் அனுமதி கேட்பதில்லையே. இதை வைத்து நான் இதுவரை மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் நல்ல வரவேற்பு.

"எம்எஸ்சி பரீட்ச முடிஞ்ச பத்தாம் நாள் தாலி. அப்புறம் ஒரு நாளு நீ வந்து, விசா வந்திடுச்சின்னே. வந்திடுச்சின்னே மாமா. போலாமான்னு கேக்கல."

"நீ வேணாம்னு சொல்லலியே."

"கேட்டாத்தானே சொல்றது."

"சரி, அப்ப கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். சாணைக்கல்லைத் துணியில் சுற்றி முடிக்கும் வரை யோசித்தாள்.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

வேண்டாம் என்றிருப்பேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் அந்தச் 'சரி' என் வீட்டில் இருபத்து மூன்று வருடமாக இருந்திருக்கும். தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டே, ஒரு வழியாகக் கேட்டேன்.

"எத்தனை மாசம், அலமேலு?"

"படிவத்த அன்னிக்கே பாத்தே. பழம் ஒண்ணு கொறஞ்சிருந்திச்சு." சிரிக்கவில்லை. "எனக்கே தெரியல மாமா. அதான் எழுதாம வெச்சிருக்கேன். ஒட்டு புடிக்குதா இல்லியான்னு தெரியவே ஒண்ணரை மாசம் ஆவும். கன்னு விக்கிற மாதிரி ஆவறதுக்கு ஒரு வருஷம். நடுவுல நான் இங்க வந்து தக்காளி கட்டிக்கினு இருக்க முடியாது."

"நான் வரட்டுமா?"

"வந்து?"

எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. கத்தி பிடித்தால் ரத்தம் வரும். மென்பொருளில் பிழை தேடும் தொழில் செய்கிறவனுக்கு மாங்கன்றில் என்ன பிழை தெரியும்? எனக்குத் தெரிந்தது எழுதுவது ஒன்றுதான் என்றேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கன்று வாங்க வந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "திருப்பதிக்குப் போற வண்டிங்க எல்லாம் அந்த ரோட்டுலதான் போவுது. நிக்காம போவுது. நிக்கிற மாதிரி ஒரு போர்டு எழுதித் தா. தெலுங்குலயும் தமிழ்லயும். அப்புறம் பாக்கலாம்."

வியாழக்கிழமை போய்விட்டாள். போகும் வழியில் நகராட்சியில் படிவத்தைக் கொடுத்தோம். காலம் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். எட்டு மாதத்துக்கு மேல் என்றாள் அலமேலு. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நீங்களும் போகிறீர்களா, ஐயா?" என்றாள். "இன்னும் முடிவாகவில்லை, எழுத்துத் தேர்வு இருக்கிறது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அலமேலு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

7

இரண்டு மாதம் ஆகிறது. ஒட்டு பிடித்துவிட்டது, இருநூறில் நூற்று அறுபது. போர்டு இன்னும் பிடிக்கவில்லை.

நான் தமிழில் எழுதுகிற எதையும் அலமேலு படித்ததில்லை. தெலுங்குப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. நான் பெரியவனான பிறகு சினிமா சுவரொட்டியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதனால்தான் அவளைப் பற்றி இத்தனை வருடம் துணிச்சலாக எழுத முடிந்தது. போர்டின் தெலுங்கு வாசகம் அப்படியில்லை. அனுப்பிய மறுநிமிடம் படித்துவிடுகிறாள். என் முதல் வடிவத்தில் மா மரத்தின் பெருமை, பயணிகளின் களைப்பு, நிழலின் அருமை எல்லாம் இருந்தது. "பஸ்சு எம்பதுல போவுது மாமா. இத படிச்சு முடிக்கறதுக்குள்ள திருப்பதியே வந்துடும்" என்றாள். ஆறாவது வடிவத்தில் ஒரு ஜோக் வைத்திருந்தேன். அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "இது எதுக்கு?" என்றாள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

நேற்று ஒன்பதாவது வடிவத்தை அனுப்பினேன். ஏழு வார்த்தை. பொதுவாக உடனே கூப்பிடுவாள். நேற்று கொஞ்சம் தாமதித்துத்தான் கூப்பிட்டாள். வெயில் நேரம். அவளுக்குப் பின்னால் பச்சை வலைக்கு அடியில் வரிசையாகப் பாலிதீன் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் செம்பு நிறத்தில் இரண்டு இலை.

போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். எனக்காகச் சொல்லாத. உனக்கு இங்க வரணும்னு இருக்குதா?"

எனக்கும் என் அம்மாவேதான் முடிவு செய்தாள் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது. வேலையும் நாடும்கூட எப்படியோ என் மேல் வந்து விழுந்தவைதான். வேண்டுமா என்று என்னையும் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட சமயத்துக்கென்று ஒரு வேடிக்கைப் பேச்சு கைவசம் இருக்கும். தேடினேன், கிடைக்கவில்லை. யாமினி ஞாயிறு சாப்பாட்டுக்கு வருவாளே, அலுவலகத்தில் என்ன சொல்வது, வில்லெம் வீட்டு சூப்புப் பானையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று என்னென்னவோ வந்து போயிற்று. அலமேலு போனைப் பிடித்தபடி இருந்தாள், அவசரப்படுத்தவில்லை. அவள் பக்கத்துச் சாலையில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே நிற்காமல் போயிற்று.

"இருக்குது" என்றேன்.

"அப்ப இன்னும் நாலு வார்த்தயக் கொறச்சுட்டு வா" என்றாள்.